திருத்தத் துளி

ஆலங்கரை அளவைக்கூடத்தின் வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. இணை பிரிந்து, ஒன்றன் மேல் ஒன்று ஏறி, கோயில் வாசலில் கிடப்பதைப் போலவே கிடந்தன. நறுமுகை தன் செருப்போடு படியேறினாள். உள்ளிருந்து வந்த ஒருவர் முதலில் அவள் காலைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். அடையாளம் தெரிந்ததும் ஒன்றும் சொல்லாமல் ஒதுங்கி வழிவிட்டார். அந்த ஒதுங்கல்தான் அவளை முதலில் உறுத்தியது.

செருப்பைக் கழற்றச் சொல்லி எந்தப் பலகையும் அங்கே இல்லை. இருந்திருந்தால் பிடுங்கி எறிந்திருப்பாள்; அப்படிப் பிடுங்கி எறிந்த பலகைகள் அவள் வாழ்க்கையில் பல. கட்டளையிடுகிறவனை எதிர்த்து நிற்கலாம். கட்டளையே இல்லாமல் குனிகிற முதுகை எதிர்த்து எந்த மேடையில் ஏறுவது?

வாசலின் மறுபக்கம் கோகிலா என்பவள் கோணி விரித்து எலுமிச்சம்பழம் கூறுகட்டிக்கொண்டிருந்தாள். இது கல்விக்கூடமா, கோயிலா, எதை நினைத்து இங்கே எலுமிச்சை விற்கிறாய் என்று நறுமுகை கேட்டாள். கோகிலா வாய்விட்டுச் சிரித்தாள்.

"இன்னாக்கா நீ, ஊரூராப் போயி பேசிகினே இருந்தா இப்படித்தான். நாளைக்கு ஞாயித்துக்கெழம இல்ல? எலுமிச்ச இல்லாம எந்த வூட்ல அளவெடுப்பாங்க?"

சிரித்த வாயில், ஈறும் பல்லும் சேரும் ஓரத்தில், மெல்லிய நீலக்கோடு ஒன்று ஓடியது. வெற்றிலைக் கறை என்று நினைத்துக்கொண்டு நறுமுகை உள்ளே போனாள். ஆனால் வெற்றிலைக் கறை நீலமாக இருக்காது என்பது கூடத்தின் நடுவில் நிற்கும்போது அவளுக்கு உறைத்தது.

இந்தக் கூடம் அவள் கட்டியது. கல்லும் கலவையும் நகராட்சியுடையவை, கருத்து அவளுடையது. முன்பு இந்த ஊருக்கு ஒரு குளம் இருந்தது. அதன் நீர் குட்டம் தீர்க்கும், குழந்தை தரும் என்றார்கள். குடம் குடமாக மொண்டு குடித்தார்கள். கும்பல் கும்பலாக வயிற்றுப்போக்கில் செத்தார்கள். இளம் வயதில் அவளும் தோழன் கபிலனும் அந்தக் குளக்கரையிலேயே மேடை போட்டார்கள். கபிலன் காவி கட்டிச் சாமியாராக வருவான், வெறுங்கையிலிருந்து திருநீறு கொட்டுவான், கூட்டம் கைகூப்பும். அந்த நொடியில் நறுமுகை பாய்ந்து அவன் முழங்கையைப் பிடித்து, விரலிடுக்கை விரித்து, ஒளித்துவைத்த சாம்பல் உருண்டையைத் தூக்கிக் காட்டுவாள். பிறகு குளத்து நீரில் ஒரு சொட்டை உருப்பெருக்கி வழியே வெள்ளைத் துணியில் காட்டுவார்கள். புனிதம் புழுவாக நெளிந்ததைப் பார்த்து ஊர் வாயடைத்துப் போகும். கடைசியில் குளத்துக்கு வேலி போட்டுப் பூட்டினார்கள்.

குளம் போன இடத்தில் குழாய் வந்தது. ஆற்றுப் படுகையில் ஆழ்கிணறு தோண்டி வீடுதோறும் நீர் கொடுத்தபோது நறுமுகை ஒரு கோரிக்கை வைத்தாள்: இந்த நீர் நல்ல நீரா என்று எந்த அதிகாரியும் ஊருக்குச் சொல்லக் கூடாது, ஊரே சோதித்து ஊருக்குச் சொல்ல வேண்டும். அவளுடைய துண்டறிக்கையின் வாசகம் அன்று சுவரெல்லாம் இருந்தது. 'யார் சொன்னாலும் நம்பாதே. நான் சொன்னாலும் நம்பாதே. நீயே சோதித்துப் பார்.' சட்டம் வந்தது. வீட்டுக்கு ஒரு கண்ணாடிக் குழல், ஒரு புட்டி துளிமருந்து. ஞாயிற்றுக்கிழமை காலையில் குழாய் நீரைப் பிடித்து மருந்து விட வேண்டும். நல்ல நீர் இளமஞ்சளாக நிற்கும். நச்சு உலோகம் கலந்த நீர் சிவக்கும். சிவப்பின் அழுத்தத்துக்கு ஒன்று முதல் பத்து வரை எண். அந்த எண்ணைச் சுவர்த்தட்டில் அழுத்தினால் அது அளவைக்கூடத்துக்குப் போகும். அங்கே தொகுப்பி என்ற சிந்தனைப்பொறி எல்லா வீட்டு எண்களையும் நிறுத்துப் பார்த்து, ஊரின் அளவு இன்னதென்று அறிவிக்கும். நிறத்தையும் பொறியே பார்த்துவிடலாமே என்று பொறியாளர்கள் கேட்டார்கள். மனிதக் கண்ணைப் பொறியிடம் அடகு வைக்க மாட்டோம் என்று அவள்தான் மறுத்தாள். கைதட்டல் ஆற்றங்கரை வரை கேட்டது.

அதன் பிறகு அவள் ஊரில் தங்கவில்லை. மாவட்டம் மாவட்டமாக மேடையேறினாள். ஒரே மகள் சுடரை உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்தாள். சுடருக்கு இரண்டு கரு கலைந்தது. மூன்றாவது நிலைத்து ஏழு மாதம் ஆனபோது, தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று சம்பந்தி வீட்டார் பிடிவாதம் பிடித்தார்கள். அதற்காகத்தான் நறுமுகை பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்துகொண்டு வந்திருந்தாள்.

இப்போது கூடத்தின் நடுவில் கறுப்புக் கண்ணாடிப் பெட்டியாகத் தொகுப்பி நின்றது. மேலே, சுவரில், அவளுடைய அந்தத் துண்டறிக்கை சட்டம் போட்டு மாட்டப்பட்டிருந்தது. சட்டத்துக்குச் சந்தன மாலை. 'நான் சொன்னாலும் நம்பாதே' என்ற வரிக்கு மேலேயே மாலை தொங்கி, அந்த வரியை மறைத்திருந்தது.

மறுநாள் காலை ஒலிபெருக்கி ஊருக்கு வணக்கம் சொல்லி, இன்றைய எதிர்பார்ப்பு அளவு இரண்டு என்று அறிவித்தது. சுடர் குழலை எடுத்தாள். அவள் கை மணிக்கட்டில் மடிந்து தொங்கியது. குழல் நழுவி உடைந்தது. இன்னொன்றை இடக்கையால் எடுத்து நீர் பிடித்து மருந்து விட்டாள். நீர் மெல்ல மெல்லச் சிவந்தது. நறுமுகை அருகே போய்ப் பார்த்தாள். நிற அட்டையில் இரண்டு என்பது இளமஞ்சள். குழலில் இருந்ததோ மாதுளை.

சுடர் பதறவில்லை. அறுத்து வைத்திருந்த எலுமிச்சையை எடுத்து, ஒரு சொட்டுப் பிழிந்தாள், பார்த்தாள், இன்னொரு சொட்டு. சிவப்பு வெளுத்து மஞ்சளுக்கு வந்தது. சுவர்த்தட்டில் இரண்டை அழுத்தினாள்.

"இது இன்னாடி?"

"திருத்தத் துளிம்மா. நம்ம கொழாய் பழசு, கொஞ்சம் அழுத்தமாத்தான் காட்டும். ஒரு சொட்டு விட்டா சரியான அளவு வந்துடும்."

"சரியான அளவு எதுன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

சுடர் தாயை இரக்கத்தோடு பார்த்தாள். "அதான் காலையிலயே சொல்றாங்களே."

 சுடர் மேலும் விளக்கினாள். அறிவித்த அளவோடு ஒத்துப்போகிற வீட்டுக்கு நேர்க்கை என்று பெயர். மாறுபட்ட எண் கொடுத்தால் பிறழ்கை. பிறழ்கை வீட்டின் எண்ணுக்குத் தொகுப்பி எடை குறைத்துவிடும். மேலும் பிறழ்ந்தால் பயிற்சி வகுப்புக்கு வரச் சொல்லும். வகுப்பில் எல்லாரும் பார்க்க, பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார வேண்டும். இப்போதெல்லாம் இந்த ஊரில் சாதகம் பார்த்துப் பெண் கொடுப்பதில்லை. அந்த மூடத்தனம் ஒழிந்துவிட்டது. நேர்க்கை வீடா என்று பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். சுடர் ஒருமுறைகூடப் பிறழாதவள். அதனால்தான் அவளுக்கு இவ்வளவு நல்ல இடம் அமைந்தது.

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். அவள் ஈறிலும் நீலக்கோடு.

பத்தாண்டுக்கு முன் வேறொரு மாவட்டத்தில், பழைய மின்கலங்களை உடைத்து ஈயம் பிரிக்கும் தொழிற்சாலை வாசலில் நறுமுகை பேசியிருக்கிறாள். அங்கே தொழிலாளர்களின் வாயில் அந்தக் கோட்டைப் பார்த்திருக்கிறாள். கோஷம் போட உயர்த்திய கைகள் மணிக்கட்டில் துவண்டு தொங்கியதையும், அவர்கள் மனைவிமார் கலைந்துபோன கருக்களைப் பற்றிச் சொல்லி அழுததையும் அவள் மறக்கவில்லை. ஈயத்துக்கு மணமில்லை, சுவையில்லை. கண்ணாடிபோல் தெளிந்த நீரில் கண்ணுக்குத் தெரியாமல் அது குடியிருக்கும்.

அன்றே வீடு வீடாகப் போனாள். எல்லா வீட்டிலும் எலுமிச்சை இருந்தது. ஒருத்தி தன் வீட்டுத் தொட்டி சரியில்லை என்றாள். ஒருவர் தன் கண்ணில் புரை இருப்பதால் எல்லாம் சிவப்பாகத் தெரிகிறது என்றார். பள்ளி ஆசிரியை, தனக்கு ஆய்வுக்கூடத்தில் கை பழகவில்லை என்று வெட்கப்பட்டாள். அவள் ஒன்று சொன்னாள்: பள்ளியில் ஊசல் ஆட்டிக் கணக்குப் போடும்போது வரவேண்டிய விடை புத்தகத்தில் இருக்கும், வராவிட்டால் பின்னாலிருந்து கணக்குப் போட்டு வரவைப்போம், எல்லாரும் செய்வதுதானே. ஒவ்வொருவரும் தங்கள் வீட்டில்தான் கோளாறு என்றார்கள். பக்கத்து வீட்டில் சரியாக வருகிறது என்று ஒவ்வொருவரும் நம்பினார்கள். ஊர் முழுவதும் சிவப்பைப் பார்த்தது. ஊர் முழுவதும் அதைத் தன் குற்றம் என்று மறைத்தது.

மருத்துவரிடம் மகளை அழைத்துப் போனாள். மருத்துவர் நல்ல மனிதர், அன்பாகத்தான் பேசினார். கர்ப்பகால நரம்புத் தளர்ச்சி என்றார். இரத்தத்தில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னபோது முகம் மாறியது. இந்த ஊர் நீரில் ஈயம் இல்லை என்பது ஆண்டுக்கணக்காக, வாரந்தோறும், ஆயிரம் வீடுகளில் நிறுவப்பட்ட உண்மை. அதை மீறி ஒரு சோதனைக்கு எழுதினால், ஆதாரமற்ற ஐயத்துக்கு இடம் கொடுத்ததாகத் தன் மேலேயே விசாரணை வரும் என்றார். ஆதாரமற்ற ஐயம் என்ற அந்தச் சொற்றொடரைச் சட்டத்தில் சேர்க்கச் சொல்லி ஊர்வலம் போனவள் நறுமுகை. மந்திரவாதிகளை அடக்க அவள் வடித்த விலங்கு இப்போது அவள் கையிலேயே வந்து மாட்டியது.

"பெரியவங்க நீங்களே மூடநம்பிக்கையப் பரப்பலாமாம்மா?" என்றார் மருத்துவர்.

கபிலன் இப்போது அளவைக்கூடத்தின் பொறுப்பாளன். தலை நரைத்திருந்தான், வெறுங்காலோடு நின்றான். பழைய தோழி வந்த மகிழ்ச்சியில் தேநீர் வரவழைத்தான். டம்ளரை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக் குடித்தான். நறுமுகை அதைக் கவனித்தாள். இந்த ஊரில் அவள் இப்போது எதைப் பார்த்தாலும் இப்படித்தான் பார்த்தாள்: தேநீரை, ஈறை, மணிக்கட்டை, நலம் விசாரிக்கும் குரலை.

அவள் கண்டதையெல்லாம் சொன்னாள். கபிலன் பொறுமையாகக் கேட்டான்.

"ஒரு வூடு தப்பா அளக்கலாம் முகை. ஊரே தப்பா அளக்குமா?"

"ஊரேதான அந்தக் கொளத்துல முழுகிச்சி."

"அது நம்பிக்கை. இது அளவு."

"அளக்கறதுக்கு முன்னாடியே விடையச் சொல்லிட்டா, அதுக்குப் பேரு அளவா, பஞ்சாங்கமா?"

அது தொடக்கத்தில் ஒரு கைத்தாங்கலாக வந்தது என்று அவன் விளக்கினான். பழகாத ஜனங்கள், நிறம் தெரியாமல் தடுமாறினார்கள். ஏறத்தாழ எவ்வளவு வரும் என்று கேட்டார்கள். முந்தின வாரத்து அளவைச் சொன்னோம். அப்புறம் குடிகாரன் ஒருவன் விளையாட்டாகப் பத்து, பத்து என்று அழுத்தினான். அப்படிப்பட்டவர்களின் எண்ணைத் தள்ளுவதற்காக, ஊரோடு ஒத்துப்போகிற வீட்டுக்கு எடை கூட்டினோம். ஒவ்வொன்றும் நல்ல எண்ணத்தோடு செய்தது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

நறுமுகை கறுப்புக் கண்ணாடிப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். ஏமாற்றுக்காரன் ஒருவன் இருந்தால் அவனைப் பிடிக்கலாம். அவன் விரலிடுக்கை விரிக்கலாம். இங்கே பொறி மக்களைக் கேட்டது. மக்கள் பொறியைக் கேட்டார்கள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். நீரை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

கபிலன் குரலைத் தாழ்த்தினான். "நீ சொல்றது நெசமாவே இருக்கட்டும். நீ இத இடிச்சின்னா இன்னா ஆவும் தெரியுமா? கொளத்த மறுபடி தொறக்கணும்னு ஒருத்தன் காத்துகினு கெடக்கறான். 'பாத்தீங்களா, அறிவியலும் பொய்'னு நாளைக்கே வேலியத் தொறப்பான்."

இந்த வாதம் அவளைத் தைத்தது. அதில் உண்மை இருந்தது. இரண்டு கலைந்த கருக்களையும் மகளின் தொங்கும் கையையும் எதிர்த்தட்டில் வைத்துப் பார்த்தாள்.

"அவனுக்குப் பயந்து நாம ஒரு பொய்யக் காப்பாத்தினா, நமக்கும் அவனுக்கும் இன்னா வித்தியாசம் கபிலா? நாம காவி கட்டல. அவ்ளோதான்."

 அவள் தன் திட்டத்தைச் சொன்னாள். வரும் ஞாயிறு, புது மருந்து வந்திருப்பதாக வீடுதோறும் ஒரு புட்டி கொடுப்பது. இந்த மருந்துக்கு நல்ல நீர் இளம்பச்சையாகத் தெரியும், எதிர்பார்ப்பு அளவு மூன்று என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பது. புட்டியில் இருப்பதோ அதே பழைய மருந்து. அது மஞ்சளாகும், சிவக்கும். உலகம் தலைகீழானாலும் பச்சையாகாது.

"மறுபடியும் வேஷம் கட்டச் சொல்றியா?"

"கடைசியா ஒரு வாட்டி."

கபிலன் சிரித்தான், நீலக்கோடு தெரிந்தது. பச்சை இல்லை என்று ஊரில் ஒரே ஒரு வீடு சொன்னாலும், அவள் இந்தக் கூடத்தின் முன் நின்று ஊரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நிபந்தனை போட்டான். அவள் ஒப்புக்கொண்டாள். அந்த வாரம் முழுவதும், தான் தோற்க வேண்டும் என்று அவள் மனம் தவித்தது. வேண்டிக்கொள்ள அவளுக்குத் தெய்வமும் இல்லை.

ஞாயிறு விடிந்தது. ஒலிபெருக்கி பச்சையை அறிவித்தது. நறுமுகை அடுப்படி நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். சுடரிடம் அவள் எதையும் சொல்லியிருக்கவில்லை. ஒரு சொல் சொன்னால் சோதனை கெட்டுவிடும். மகள் புது மருந்தை விட்டாள். நீர் சிவந்தது. சுடர் முகம் சுளித்தாள். எலுமிச்சை பிழிந்தாள்; மஞ்சளானது. அதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை.

சொல்லிவிடு, என்று நறுமுகையின் உள்ளம் அரற்றியது. பச்சை இல்லை என்று ஒரு சொல் சொல்லிவிடு மகளே, நான் தோற்றுப்போகிறேன்.

சுடர் குழலை எடுத்துக்கொண்டு சன்னலோரம் போனாள். வெளியே வேப்பமரம் தழைத்து நின்றது. இலைகளின் ஊடே வந்த வெளிச்சத்துக்கு நேராகக் குழலைப் பிடித்து, தலையைச் சாய்த்து, கண்ணை இடுக்கினாள். அவள் முகம் தெளிந்தது.

"லேசாப் பச்சைதாம்மா. வெளிச்சத்துல புடிச்சாத் தெரியுது."

மூன்றை அழுத்தினாள். அவள் பொய் சொல்லவில்லை என்பதுதான் நறுமுகையைக் கொன்றது. அவள் உண்மையிலேயே பச்சையைப் பார்த்தாள்.

அன்று மாலை அளவைக்கூடத்தின் முன் ஊர் கூடியது. பழைய நாள்போலவே கபிலன் மேடையில் நின்று அறிவித்தான்: எல்லா வீடுகளும் பச்சை, ஊரின் அளவு மூன்று, தொகுப்பியின் வரலாற்றிலேயே இவ்வளவு ஒற்றுமையான அளவு வந்ததில்லை. கூட்டம் கைதட்டியது. அந்த நொடியில் நறுமுகை மேடையேறி அவன் முழங்கையைப் பிடித்தாள். அவன் தானாகவே விரல்களை விரித்தான். உள்ளங்கையில், புட்டிகளிலிருந்து கிழித்தெடுத்த பழைய மருந்தின் ஒட்டுத்தாள் கசங்கிக் கிடந்தது.

இது பச்சையாகாத மருந்து என்று அவள் சொன்னபோது, முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு புரிந்தது. புரிந்ததும், ஒருவர் பின் ஒருவராகத் தலைகள் கவிழ்ந்தன. பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி, முருங்கைக்கீரையைக் கசக்கி ஒரு சொட்டு விட்டதாக மெல்லிய குரலில் சொன்னாள். நானும் என்று இன்னொருத்தி. யாரோ சிரித்தார்கள், சிரிப்பு பாதியில் நின்றது.

"உங்க வூட்ல எத்தனையாவது சொட்டுல செவப்பு போவுது?" என்று நறுமுகை கேட்டாள். "பக்கத்து வூட்டக் கேக்காதீங்க. ஒங்க வூட்ல."

 பின்வரிசையில் கோகிலா எழுந்தாள். சிரித்துப் பேசுகிறவள் அன்று சிரிக்கவில்லை. "எனக்கு அஞ்சு சொட்டு ஆவுதுக்கா," என்றாள். "விக்கறவளுக்கே அவ்ளோ ஆவுதுன்னு வெளிய சொல்ல வெக்கமா இருந்திச்சி." பிறகு மடை உடைந்தது. மூன்று என்றார்கள், ஏழு என்றார்கள், எலுமிச்சையே போதவில்லை, புளி கரைத்து விட்டேன் என்றார்கள். அடுத்து, இதுவரை வெளியே சொல்லாத மற்றவை வந்தன: வயிற்றுவலி, கலைந்த கரு, பேச்சு வராத பிள்ளை. அழுகை கோபமாக மாற நேரமாகவில்லை. முதல் கல் கண்ணாடிப் பெட்டியில் பட்டது.

"பொட்டிய ஏன்யா அடிக்கிறீங்க?" நறுமுகையின் குரல், பல மேடைகளைக் கண்ட குரல், அன்று உடைந்தது. "அதுக்குள்ள இருந்தது நம்ம கைதான்."

கல் நிற்கவில்லை.

அதன் பின் எல்லாம் விரைவாக நடந்தன. குழாயை மூடினார்கள். மருத்துவர் தானே வீடு தேடி வந்து சுடரின் இரத்தத்தை எடுத்தார். நறுமுகையின் முகத்தைப் பார்க்காமல் எடுத்தார். ஈயம் இருந்தது. மருந்து தொடங்கினார்கள், குழந்தையின் இதயத்துடிப்பு ஒழுங்காக இருக்கிறது, இனிச் சுத்தமான நீர்தான் முதல் மருந்து என்றார் அவர். ஆற்றுப் படுகையின் மேல்புறம் தேடிப்போனவர்கள், பழைய மின்கலங்களை உடைத்துக் குவித்த கள்ளக் கொட்டடி ஒன்றைக் கண்டார்கள். மழைதோறும் அதன் கழிவு கிணற்றுக்குள் இறங்கியிருந்தது. எந்த ஆண்டில் இறங்கத் தொடங்கியது என்று சொல்ல ஒருவராலும் முடியவில்லை. தொகுப்பியின் கணக்கில் அது தொடங்கவே இல்லை. கபிலன் பொறுப்பை விட்டு விலகினான். குளத்து வேலியில் யாரோ பூட்டை உடைத்திருந்தார்கள். கபிலன் அந்த வேலி வாசலில் போய் உட்கார்ந்து, உள்ளே போகாதீர்கள் என்று வருகிறவர்களிடம் மன்றாடிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள்.

பக்கத்து ஊரிலிருந்து லாரியில் குடிநீர் வந்தது. வந்த மறுநாள் காலை, வாசலில் ஏதோ சலசலப்புக் கேட்டு நறுமுகை கதவைத் திறந்தாள்.

படிக்குக் கீழே செருப்புகள் குவிந்து கிடந்தன.

ஒன்றன் மேல் ஒன்று ஏறி, இணை பிரிந்து கிடந்தன. அவற்றுக்குப் பின்னால் ஊர், வெறுங்காலோடு நின்றது. கை கையாகக் கண்ணாடிக் குழல். குழலில் லாரி நீர். மருந்தும் விட்டுத்தான் கொண்டுவந்திருந்தார்கள். கோகிலா முன்னால் நின்றாள். "ஒலிபெருக்கி இல்லக்கா. நீ பாத்து இன்னா நெறம்னு சொல்லிட்டா, மனசு நிம்மதியாப் பூடும்," என்றாள். அவள் பின்னால் நின்றவர் கைகூப்பியிருந்தார்.

நறுமுகை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பொய்யில்லாத முகங்கள். குளத்தை நம்பிய அதே கண்கள், பெட்டியை நம்பிய அதே கண்கள், இப்போது அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு சொல் சொன்னால் போதும். ஊர் அந்தச் சொல்லைக் குடித்துவிடும். அந்த நீரைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. லாரிக்காரனையும் தெரியாது. ஆனால் அவள் என்ன சொன்னாலும் ஊருக்கு அது சரியாக இருக்கும். அதை நினைத்தபோது அவளுக்குத் தன் மேலேயே ஐயம் வந்தது.

வீட்டுக்குள்ளிருந்தே சுடர் வந்தாள், படியிறங்கிக் கூட்டத்தோடு நின்றாள். அவளும் தன் பங்கு நீரைக் குழலில் பிடித்து மருந்து விட்டிருந்தாள், இடக்கையில் ஏந்தியிருந்தாள்.

"நீயே சொல்லும்மா. நீ சொல்றத நம்பித்தான் குடிக்கணும். வயித்துல புள்ள இருக்குது."

நறுமுகையின் கண் குழலை நோக்கிப் போயிற்று. பாதியில் தடுத்தாள். அவள் புருவம் அசைந்தால்கூட மகள் அதைப் படித்துவிடுவாள். நேர்க்கைக்காரி, பிறர் முகத்திலிருந்து விடையை எடுப்பதில் பிறழாதவள். நறுமுகை உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். நெற்றியைக் கதவில் சாய்த்துக்கொண்டு கேட்டாள்:

"இன்னா நெறம்?"

வெளியே யாரோ கிசுகிசுத்தார்கள், சுடர் அவர்களை அதட்டும் ஒலி கேட்டது. "நீ எத்தினின்னு எதிர்பாக்கறேன்னு மட்டும் சொல்லும்மா," என்றாள் கதவுக்கு அப்பால்.

நறுமுகை வாய் திறக்கவில்லை. வாழ்நாளெல்லாம் பேசியவளுக்கு அது எளிதாக இல்லை. பற்களை இறுகக் கடித்துக்கொண்டாள். நேரம் போயிற்று. வெளியே காலடிகள் நகர்ந்தன, யாரோ சலித்துக்கொண்டு செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போகும் ஓசை, பிறகு இன்னொருவர். போகிறவர்கள் குளத்துப் பக்கம் போகிறார்களா, வீட்டுக்குப் போகிறார்களா என்று கதவுக்குப் பின்னாலிருந்து தெரியவில்லை.

கடைசியில் மகளின் குரல் கேட்டது. சின்னதாக, பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்ற பிள்ளையின் குரல்போல.

"தெரியலம்மா. மஞ்சளுன்னும் சொல்ல முடியல, செவப்புன்னும் சொல்ல முடியல." சற்று நிறுத்தினாள். "வேற தண்ணி புடிச்சி, மறுபடியும் ஒரு வாட்டி பாக்கட்டுமா?"